மேலவையில் பேசி என்ன ஆகும்? டப்ளினிலிருந்து சித்தப்பாவுக்கு

டப்ளின்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். குளிர் இப்போதே ஆரம்பித்துவிட்டது. நாலரை மணிக்கே விளக்குப் போடும் நாட்கள் வந்துகொண்டிருக்கின்றன. சித்தியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

ஆட்சியைக் கவிழ்க்கவும் முடியாது, பட்ஜெட்டைத் தடுக்கவும் முடியாது, அப்படிப்பட்ட அயர்லாந்து மேலவையில் ஒருவர் எழுந்து பேசி என்ன ஆகப்போகிறது என்று கேட்டிருந்தீர்கள். 1986-ல் நம் தமிழ்நாட்டு மேலவையை ஒழிக்கும்வரை ஆசிரியர் தொகுதியில் ஓட்டுப் போட்டவர் நீங்கள். உங்களிடம் அரைகுறையாகப் பதில் சொல்லக் கூடாது என்றுதான் போனில் பேசாமல் எழுதுகிறேன்.

அயர்லாந்தின் மேலவைக்கு ஷானட் என்று பெயர். கீழவை டாயில், பிரதமர் டீஷக். ஷானட்டில் மொத்தம் 60 பேர். டீஷக் 11 பேரை நியமிக்கிறார். பட்டதாரிகள் 6 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மீதி 43 பேர் கல்வி, விவசாயம், தொழிலாளர், தொழில் வணிகம், நிர்வாகம் என்ற ஐந்து பட்டியல்களிலிருந்து வருகிறார்கள். அந்த 43 பேருக்கு ஓட்டுப் போடுவது பொதுமக்கள் இல்லை: நாடு முழுக்க உள்ள 949 உள்ளாட்சிக் கவுன்சிலர்கள், புதிய டாயில் உறுப்பினர்கள், பதவி முடியும் செனட்டர்கள். எல்லாம் தபால் ஓட்டு, விருப்ப வரிசைப்படி. ஒவ்வொரு ஓட்டுச் சீட்டுக்கும் 1000 மதிப்பு வைத்து எண்ணுகிறார்கள். ஜெயித்தவருக்குத் தேவைக்கு மேல் கிடைத்த உபரி ஓட்டை அடுத்தவருக்கு மாற்றும்போது பின்னக் கணக்கில் சிக்காமல் இருக்க. நம் ராஜ்ய சபைத் தேர்தலில் அதே வேலையைச் செய்ய 100 வைக்கிறோம். ராஜ்ய சபைக்கு 12 பேரை நியமிக்கும் வழக்கம் அயர்லாந்து அரசியல் சட்டத்தைப் பார்த்து எடுத்ததுதான் என்று வகுப்பில் நீங்களே சொல்லிக் கொடுத்திருப்பீர்கள்.

2013 அக்டோபரில் இந்த ஷானட்டையும் ஒழித்துவிடலாமா என்று மக்களிடமே கேட்டார்கள். 51.7 சதவீதம் பேர் ஒழிக்க வேண்டாம், சபை இருக்கட்டும் என்றார்கள். மயிரிழையில் தப்பிய சபை. அது இருந்ததால் என்ன நடந்தது என்பதற்கு ஒரே ஒரு செனட்டரைக் காட்டுகிறேன்: ஃபிரான்சஸ் பிளாக். டப்ளின்காரர், நாடறிந்த பாடகி. குடிநோயால் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காக ரைஸ் என்ற அறக்கட்டளையைத் தொடங்கியவர். 2016-ல் தொழில் வணிகப் பட்டியலில் சுயேச்சையாக ஜெயித்து வந்தார்.

முதலில் உள்நாட்டு விஷயம். பொதுச் சுகாதார மதுச் சட்ட மசோதா 2015 டிசம்பரிலேயே ஷானட்டில்தான் அறிமுகமானது. அதில் ஒரு பிரிவு, கடைக்குள் மதுவை மற்ற சரக்குகளிலிருந்து பிரித்து வைக்கச் சொன்னது. சின்னக் கடைக்காரர்களுக்குச் செலவு கட்டாது என்று ஆளுங்கட்சி செனட்டர்களே எதிர்த்தார்கள். 2016-ல் விவாதம் பாதியில் நின்றது. அந்தப் பிரிவைக் கைவிடக் கூடாது என்று விடாமல் வாதாடியவர்களில் ஃபிரான்சஸ் பிளாக் முக்கியமானவர். 2018 அக்டோபரில் சட்டமானது.

விளைவைப் பார்க்க நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டாம், தெருமுனைக் கடைக்குப் போனால் போதும். 1.2 மீட்டர் உயரத் தடுப்புக்குப் பின்னால், சின்னக் கதவு வைத்த தனி மூலையில் பாட்டில்கள் இருக்கும். இடம் இல்லாத கடையில், ஒரு மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் தாண்டாத அலமாரிகள், அதிகபட்சம் மூன்று. விலைக்கும் ஒரு கீழ் எல்லை உண்டு: 2022 ஜனவரி 4 முதல் ஒரு கிராம் ஆல்கஹாலுக்குக் குறைந்தது 10 சென்ட். 750 மில்லி ஒயின், 12.5 சதவீதம் என்றால் அதில் சுமார் 94 மில்லி ஆல்கஹால், எடையில் 74 கிராம். அதனால் 7 யூரோ 40 சென்ட்டுக்குக் கீழே விற்க முடியாது. 700 மில்லி வோட்கா, 37.5 சதவீதம் என்றால் 20 யூரோ 71 சென்ட். மில்லியை 0.789 ஆல் பெருக்கினால் கிராம். உங்கள் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். நல்ல ஒயின் விலை இதனால் ஏறவில்லை, அது முன்பே இதற்கு மேலேதான். தண்ணீர் விலைக்கு விற்ற சரக்கைத்தான் இது பிடித்தது. சட்டம் எழுதினால் இப்படித் துல்லியமாக எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளிநாட்டு விஷயம் இதைவிடப் பெரியது. 2018 ஜனவரியில், ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளின் குடியேற்றங்களில் விளைந்த, செய்த பொருளை அயர்லாந்துக்குள் இறக்குமதி செய்யவும் விற்கவும் தடை போடும் மசோதாவைக் கொண்டுவந்தார். சர்வதேசச் சட்டப்படி ஆக்கிரமிப்பு என்று தீர்மானமான இடம் எதுவானாலும் பொருந்தும்படி வாசகம் அமைந்திருந்தாலும், எல்லோர் மனதிலும் இருந்தது பாலஸ்தீனம். அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த சைமன் கோவ்னி எதிர்த்தார்: வர்த்தகக் கொள்கை ஐரோப்பிய ஒன்றியத்தின் தனி அதிகாரம், ஒரு உறுப்பு நாடு தானாகத் தடை போட முடியாது என்றார். மசோதாவை ஆதரித்தவர்கள், பொது ஒழுக்கம், பொதுக் கொள்கை காரணமாக உறுப்பு நாடு இறக்குமதியைத் தடுக்கலாம் என்று அதே ஒன்றியத்தின் விதியிலேயே விலக்கு இருப்பதைக் காட்டினார்கள். 1984-ல் டப்ளின் கடை ஒன்றில் மேரி மேனிங் என்ற இளம் காசாளர், நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவின் பழத்துக்குப் பில் போட மறுத்து, அது வருடக்கணக்கான வேலைநிறுத்தமாகி, 1987-ல் அந்நாட்டுப் பழம் காய்கறிக்கு அயர்லாந்து தடை போட்ட வரலாறு இங்கே யாருக்கும் மறக்கவில்லை.

2018 ஜூலை 11-ல் ஷானட்டில் ஓட்டெடுப்பு: 25க்கு 20. அரசு தோற்றது. வருடம் முடிவதற்குள் எல்லா நிலைகளையும் அங்கே தாண்டியது. 2019 ஜனவரியில் டாயிலிலும் 78க்கு 45. பிறகு நின்றது. ஏன் நின்றது என்பதில்தான் சூட்சுமம். அரசியல் சட்டம் பிரிவு 17.2-ன்படி, பொதுப் பணம் செலவாகும் சட்டம் எதையும் டீஷக் கையெழுத்திட்ட நிதிப் பரிந்துரை வராமல் டாயில் நிறைவேற்ற முடியாது. அந்தத் தாள் வரவில்லை. பெரும்பான்மை இருந்தும் ஒரு கையெழுத்து இல்லாமல் மசோதா கிடப்பில் போனது. அந்த அவைக் காலத்தில் எதிர்க்கட்சிகளின் பல மசோதாக்களுக்கும் இதே கதிதான். ஆனால் கிடப்பில் கிடந்த மசோதாவே அடுத்த ஏழு வருடப் பேச்சுக்கு அடித்தளமானது. 2024 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம், பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேலின் ஆக்கிரமிப்பு சட்டவிரோதம் என்று கருத்துச் சொன்ன பிறகு நிலைமை மாறியது. 2025 ஜூனில் அரசே தன் சொந்த மசோதாவின் முன்வரைவை வெளியிட்டது. அதில் பொருட்கள் மட்டும்தான், சேவைகள் இல்லை. சேவைகளையும் சேருங்கள் என்பதுதான் ஃபிரான்சஸ் பிளாக்கின் அடுத்த வாதம்.

அவையின் பதிவுகள் எல்லாம் நாடாளுமன்றத் தளத்தில் இலவசம்; உறுப்பினர் பெயரைத் தட்டினால் பேச்சுகள் தேதிவாரியாக வரும். தம்பியிடம் போனில் எடுத்துத் தரச் சொல்லிப் படியுங்கள். ஆனால் எங்கே பேசியது என்று பார்த்துப் படிக்க வேண்டும். காலை அலுவல் ஒழுங்கில் பேசுவது சில நிமிடம். இன்னதைப் பற்றி விவாதம் வைக்கக் கேட்பது மட்டுமே, அதனால் எதுவும் நிறைவேறாது. பத்திரிகைகள் அதைத்தான் அதிகம் எடுத்துப் போடும். அமைச்சரிடமிருந்து பதில் வாங்க, தொடக்க விஷயங்கள் என்ற நேரம் இருக்கிறது. சம்பந்தப்பட்ட துறை அமைச்சருக்குப் பதில் வேறொருவர் வந்து எழுதியதை வாசித்துவிட்டுப் போவது அங்கே அடிக்கடி நடக்கும் குறை. எழுத்துக்கு எழுத்துச் சண்டை நடப்பது குழு நிலையில். அங்கே மசோதாவின் ஒவ்வொரு பிரிவாக, எத்தனை முறை வேண்டுமானாலும் பேசலாம். அடுத்து வரும் அறிக்கை நிலையில், குழு நிலையில் எழுந்த விஷயத்துக்கு மட்டும்தான் திருத்தம் தர முடியும். குழு நிலையில் யாருமே எழுப்பாத விஷயத்துக்குப் பிறகு திருத்தத்தோடு வந்தால் செல்லாது. அரசுக்குச் செலவு வைக்கும் திருத்தமும் செல்லாது. அதனால்தான் பதிவுகளில், இத்தனை மாதத்துக்குள் அமைச்சர் ஓர் அறிக்கை தர வேண்டும் என்ற மாதிரித் திருத்தங்களை நிறையப் பார்ப்பீர்கள். பணம் கேட்க முடியாதவர்கள் கணக்குக் கேட்கும் வழி அது.

கடைசியாக ஒரு விஷயம். சுந்தரம் மாமா பெண் நர்ஸ் வேலைக்கு இங்கே கார்க் நகருக்கு வரப்போகிறாள் அல்லவா, அவளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். இங்கே உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடக் குடியுரிமை தேவையில்லை. 18 வயது ஆகி இங்கே குடியிருந்தால் போதும், எந்த நாட்டுக்காரரும் போடலாம். அந்தக் கவுன்சிலர்கள்தான் செனட்டர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வந்ததும் பி.பி.எஸ். எண் (அரசு தரும் தனிநபர் அடையாள எண்) வாங்குவாள், அதோடு பிறந்த தேதியும் வீட்டின் அயர்கோடும் (வீட்டுக்கு வீடு தனியாக உள்ள தபால் குறியீடு) இருந்தால் ஆன்லைனில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துவிடலாம். வீடு மாறினால் முகவரியையும் மாற்ற வேண்டும். வாடகை வீடுகளில் அடிக்கடி இடம் மாறுகிறவர்கள் கோட்டை விடுவது அங்கேதான். போன தேர்தல் 2024 ஜூனில் முடிந்தது, அடுத்தது 2029-ல். அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம், வந்த மாதமே சேர்த்துவிடட்டும்.

சித்திக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் அன்பு மகன்