அந்தச் செற்றி வீட்டோடு வராது

ஸ்காபரோ
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

வாங்கப் பார்க்கிற வீட்டை எடுத்து நீ அனுப்பின வீடியோவை நானும் அம்மாவும் மூன்று தரம் பார்த்தோம். பெரிய யன்னலால் கல்கரி வெயில் விழ, "அப்பா, கதவைத் திறந்த உடனேயே இதுதான் எங்கட வீடு எண்டு மனசு சொல்லிப்போட்டுது" என்கிறாய். உன் குரலில் இருந்த சந்தோசத்தில் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் சந்தோசம்தான். ஆனால் இரவு நித்திரை வரவில்லை. நீ ஆசைப்பட்டுக் காட்டின சாமான் ஒவ்வொன்றையும் நான் தோளில் சுமந்திருக்கிறேன், மகள்.

சின்ன வயதில் உனக்கு "அப்பாவுக்கு ட்ரக்கில வேலை" என்று மட்டும்தான் தெரியும். விற்க வைத்த வீடுகளுக்குத் தளபாடம் வாடகைக்குக் கொடுத்து அலங்கரிக்கிற ஒரு கொம்பனியில் பதினொரு வருசம் சாமான் ஏற்றி இறக்கினேன். ஸ்ரேஜிங் என்பார்கள். வெயர்ஹவுசில் ஒரு வரிசை முழுக்க சாம்பல் நிறச் செற்றி, அதுதான் சோபா. அடுத்த வரிசையில் கறுப்பு விளிம்பு வைத்த வட்டக் கண்ணாடிகள். பிறகு தங்கக் கீறல் போட்ட பெரிய படங்கள், பிளாஸ்ரிக் ஓர்க்கிட், கண்ணாடிக் கிண்ணத்தில் பொய் எலுமிச்சம்பழம், மொத்தமாக வாங்கின பழைய புத்தகங்கள். அந்தப் புத்தகங்களைப் பெயர் தெரியாமல் முதுகைச் சுவர்ப் பக்கம் திருப்பி அடுக்கச் சொல்வார்கள். எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரியவேண்டுமாம். எத்தனை வருசமானாலும் அதைச் செய்ய எனக்குக் கை கூசும். காலையில் பிரம்டனில் இறக்கின ஓர்க்கிட் அடுத்த மாதம் ஏஜக்சில் இருக்கும். இப்போது கல்கரியில் உன் வீடியோவிலும் அதே மாதிரி ஒன்று, அதே மேசை மூலையில்.

பெரிய படுக்கையறைக் கட்டிலைக் கையால் அமத்திப் பார்த்தாயா? விரிப்பு நிலம் தொடத் தொங்குகிறதே, அதைக் கொஞ்சம் தூக்கிப் பார். எத்தனையோ வீடுகளில் நாங்கள் காற்றடித்த மெத்தையைப் பெட்டிகளுக்கு மேல் வைத்து விரிப்பால் மூடியிருக்கிறோம். நிசக் கட்டிலைவிடச் சின்னதாக வைத்தால் அறை பெரிதாகத் தெரியும். செற்றியும் அப்படித்தான், கொண்டோ என்கிற சின்ன அடுக்குமாடி வீட்டுக்குச் செய்த குட்டை அளவு. மேசையில் நாலு கோப்பை, நாலு துணி, ஒருவரும் சாப்பிட்டதில்லை. வீடு கைமாற முன்னமே எல்லாம் ட்ரக்கில் ஏறிவிடும். அளவு நாடாவைக் கொண்டு போய் உங்களுடைய கட்டிலும் அலுமாரியும் வைத்த பிறகு அந்த அறைக் கதவு முழுக்கத் திறக்குமா என்று பார். எனக்கு முதல் அதுதான் தெரியவேண்டும்.

இதில் புதினம் ஒன்றுமில்லை. 1970களில் அமெரிக்காவின் சியாற்றில் நகரப் பக்கம் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற பெண்மணி இந்த வேலைக்கு ஸ்ரேஜிங் என்று பெயர் வைத்துத் தொடங்கினார். அவர் நாடகம் தெரிந்தவர். மேடையைத் தயார் பண்ணுவதுபோல வீட்டைத் தயார் பண்ணுங்கள் என்று விற்கிறவர்களுக்குச் சொன்னார். அதில் பிழையில்லை. குப்பையாகக் கிடக்கும் வீட்டைக் கூட்டித் துடைத்துக் காட்டுவது நல்லதுதானே. ஆனால் நான் வேலை செய்த காலத்தில் அது ஒரே மேடையாகிவிட்டது. சாம்பல் சுவர், சாம்பல் வைனில் தரை, வெள்ளைக் கபேர்ட், குசினிச் சுவரில் செங்கல் அடுக்கினமாதிரி ஒட்டின வெள்ளைத் தட்டோடு, ரைல் என்பார்கள். அந்தத் தட்டோடு 1904இல் நியூயோர்க் சுரங்க ரயில் நிலையங்களுக்கு ஒட்டினது. மூன்று அங்குலம், ஆறு அங்குலம். நிலத்துக்குக் கீழே வெளிச்சம் தெறிக்கவும் ஊத்தை படிந்தால் துடைக்கவும் அதை எடுத்தார்கள். நல்ல காரணம். அதனால் அதை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன், எங்கள் சமையலுக்கும் அது உதவும்.

உதவாதது மற்றவை. அந்தத் திறந்த தட்டுகளில் மூன்று வெள்ளைக் கிண்ணம் வடிவாக இருக்கிறது. நீ இரண்டு கிழமை மீன் பொரித்துப் பார், எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து விரலில் ஒட்டும். அடுப்புக்கு மேலே இருக்கிற மைக்ரோவேவ் புகையை வெளியே விடுகிறதா, அல்லது உறிஞ்சித் திரும்ப உன் முகத்திலேயே ஊதுகிறதா என்று கேள். வெள்ளைக் குவாட்ஸ் கல்லில் பிசின் கலந்திருக்கிறது, சூட்டோடு சட்டியை இறக்கினால் தழும்பு விழும். மஞ்சள் கறையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. குளியலறைக்குப் போட்டிருக்கிற அந்த இழுவைக் கதவு மாட்டுக் கொட்டிலுக்குச் சரி. இடுக்கால் சத்தமும் மணமும் வரும். மாமா மாமி வந்து நின்றால் கூச்சப்படுவார்கள்.

இன்னொன்று, உனக்கு நான் இதுவரை சொல்லாதது.

2016இல் நீ வளர்ந்த வீட்டை விற்றபோது நீ படிக்கப் போயிருந்தாய். ஏஜென்ற் வந்து படங்களைக் கழற்றச் சொன்னார், சப்பாத்துத் தட்டை எடுக்கச் சொன்னார், பிறகு சுவாமித் தட்டைக் காட்டினார். வாங்க வாறவை தங்களை இந்த வீட்டில் நினைத்துப் பார்க்கவேண்டும், உங்களை இல்லை என்றார். மற்றவர்களுடைய வீடுகளில் அதைத்தானே நானும் செய்துகொண்டிருந்தேன், மறுத்துப் பேச வாய் வரவில்லை. தட்டைக் கழற்றினால் பின்னால் சுவரில் பதினெட்டு வருச விளக்குப் புகை, வேல் மாதிரி மேலே கூராகப் போயிருந்தது. சாம்பல் பெயின்ற் இரண்டு பூச்சுப் பூசினேன். விடிய எழும்பிப் பார்த்தால் மஞ்சளாக ஊறி வெளியே வந்து நிற்கிறது. மூன்றாவது பூச்சுக்கும் வந்தது. கடைக்காரப் பெடியன்தான் ஷெல்லாக் பிரைமர் தந்தான், கறையை அடைக்கிறது. ஒரே பூச்சு. பிறகு சாம்பல். அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டு நின்றா, ஒன்றும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்த ஒரு சோடி அந்தச் சுவரைத் தடவி, எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்றது.

அன்றைக்கு அந்த இடம் எனக்கு வேறு ஆருடையதோ வீடாகத் தெரிந்தது. அதோடு இன்னொன்றும் விளங்கியது. அதே பிரைமர் தண்ணீர் ஊறின கறையையும் இப்படியே மறைக்கும். அதனால் மேல் மாடிக் குளியலறைக்கு நேர் கீழே இருக்கிற அறையின் உட்கூரையைப் பார். லைற்றை அணைத்துவிட்டு ஃபோன் வெளிச்சத்தைச் சரிவாகப் பிடித்தால், புதிதாகப் பூசின திட்டு வேறு மினுக்கமாகத் தெரியும். தெரிந்தால் பயப்படாதே, ஏன் பூசினார்கள் என்று கேள்.

1989இல் கட்டின வீடு என்று சொன்னாய். சுவர்ச் சாம்பலை விடு, குழாய்ச் சாம்பலைப் பார். 1970களின் கடைசியிலிருந்து 90களின் நடுப்பகுதிவரை அங்கே எத்தனையோ வீடுகளுக்குப் பொலி-பி என்ற சாம்பல் பிளாஸ்ரிக் குழாய் போட்டிருக்கிறார்கள். தண்ணீரில் இருக்கிற குளோரின் அதை உள்ளுக்குள்ளால் அரித்து வெடிக்கச் செய்யும். சில இன்சூரன்ஸ்காரர் அந்தக் குழாய் இருந்தால் கூடக் காசு கேட்பார்கள், அல்லது மாற்றச் சொல்லுவார்கள். பேஸ்மென்றை அழகாக அடைத்துக் கட்டியிருக்கிறார்கள், அதுதான் எனக்குப் பயம். சுடுதண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு முழமாவது வெளியே தெரியும்.

வீடு கல்கரியின் வடகிழக்குப் பக்கம் என்கிறாய். 2020 ஜூன் 13 ஆலங்கட்டி மழையில் அந்தப் பக்கத்துக் கூரைகளும் வெளிச் சுவர்த் தகடுகளும் சல்லடையாகப் போனது. இன்சூரன்ஸ் மட்டும் நூறு கோடி டொலருக்கு மேல் கட்டினது. 2024 ஆகஸ்டில் திரும்ப வந்து இன்னும் பெரிய நட்டம். கூரை எந்த வருசம் மாற்றினது என்று கடதாசியில் கேட்டு வாங்கு. வீட்டைப் பரிசோதித்த பிறகுதான் வாங்குவோம் என்கிற கொண்டிஷனை விட்டுக்கொடுத்தால் சுகமாகக் கிடைக்கும் என்று யாரும் சொன்னால் மருமகனும் நீயும் ஓம் சொல்லவேண்டாம். இது என் ஒரே பிடிவாதம்.

அந்த வீடு கூடாது என்று நான் சொல்லவில்லை, மகள். யன்னல் நல்ல யன்னல். கிழக்குப் பார்த்ததென்றால் காலமை வெயில் வரும், அந்த மூலையில் விளக்கு வைக்கலாம் என்று அம்மா இப்போதே சொல்லுகிறா.

செவ்வாய்க்கிழமை திரும்பப் போகும்போது வீடியோ கோல் எடு. காலுறையைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தரையில் நட, பள்ளம் இருந்தால் குதிக்கால் சொல்லும். ஹோலுக்குப் போகவேண்டாம், அதை நான் பார்த்துவிட்டேன். நேரே குசினிக்குப் போய் சிங்குக்குக் கீழே இருக்கிற கதவைத் திறந்து எனக்குக் காட்டு.

அன்புடன்,
அப்பா