சின்னச் சொற்கள்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் கடிதம் வந்து இரண்டு மாதங்களாகியும் பதில் எழுதாமல் இருந்தது என் தவறுதான். மேலாளர் பதவிக்கான நேர்காணல் ஆங்கிலத்தில் நடக்கும் என்பதால் விண்ணப்பிக்கவே போவதில்லை என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் கடிதத்தை மடித்து மேசைக்குள் வைத்திருந்தேன். சென்ற வாரம் அதற்குப் பதில் கிடைத்துவிட்டது.

என் அக்கா மகள் கைப்பேசியில் எதையோ பார்த்து விடாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டதற்குத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினாள். வேலைக்கான நேர்காணல் ஒன்றை வைத்து, அன்றாட ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொடுக்க எடுத்த நகைச்சுவைக் காணொளி அது. பத்து நிமிடம்கூட ஓடாது. ஒரு பிரிவை ‘ரன்’ செய்ய, அதாவது நடத்த, முடியுமா என்று தேர்வாளர் கேட்கிறார்; முழங்காலில் வலி இருக்கிறது, வேண்டுமானால் வேகமாக நடக்கிறேன் என்கிறான் வந்தவன். எப்போதாவது ‘ஃபயர்’ செய்யப்பட்டதுண்டா, அதாவது வேலையிலிருந்து நீக்கப்பட்டதுண்டா என்றால், ஒருமுறை சட்டைக் கையில் மட்டும் தீப்பிடித்தது என்கிறான். இப்போதைய வேலையிலிருந்து விலக எவ்வளவு ‘நோட்டீஸ்’ கொடுக்க வேண்டியிருக்கும் என்ற கேள்விக்கு, சுவரில் ஒட்டுவதற்கு ஒன்றே போதும் என்று பதில் சொல்கிறான். கடைசியில், முடிவைப் பிறகு தெரிவிக்கிறோம் என்ற பொருளில் ‘வீ வில் லெட் யூ நோ’ என்று எழுந்து கைகுலுக்கினால், சரி என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறான்.

நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு படுத்த பிறகு அந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தபோதுதான், அவற்றில் ஒரு சொல்லாவது நமக்குத் தெரியாத சொல் இல்லை என்பது உறைத்தது. உடனே உன் முதல் நேர்காணல் நினைவுக்கு வந்தது. ஒரு தாளை உன் முன் வைத்து, ‘வாட் டு யூ மேக் ஆஃப் திஸ்?’ என்று கேட்டார்கள். நான் எதையும் தயாரிப்பதில்லை, கணக்கு மட்டும்தான் எழுதுவேன் என்று நீ சொன்னாய். இதைப் பற்றி உன் கருத்து என்ன என்பதுதான் அவர்கள் கேட்டது. வெளியே வந்து, எனக்குச் சொல்வளம் போதாது என்று சொன்னாய். நானும் அதை நம்பினேன். அன்று மாலையே நோட்டுப் புத்தகம் வாங்கி, நாளைக்கு முப்பது சொல் என்று அகராதியின் முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்யத் தொடங்கினோம். நோயையே தவறாகக் கண்டுபிடித்திருக்கிறோம் என்று இப்போது தோன்றுகிறது. உனக்குக் குறைந்தது பெரிய சொற்கள் அல்ல. ‘மேக்’, ‘ரன்’, ‘லெட்’ போன்ற, பள்ளியில் ஒரே ஒரு பொருளோடு கற்றுக்கொண்டு அத்துடன் விட்டுவிட்ட சின்னச் சொற்களின் மற்றப் பொருள்கள்தாம்.

சி. கே. ஆக்டன் என்ற அறிஞர் 1930இல் 850 சொற்களை மட்டும் கொண்ட ஓர் எளிய ஆங்கிலத்தை வகுத்தார். அதில் வினைச்சொற்கள் வெறும் 18. ‘கெட்’, ‘புட்’, ‘டேக்’, ‘மேக்’, ‘லெட்’ எல்லாம் அதில் உண்டு. இவ்வளவு குறைந்த வினைகளைக் கொண்டு பேச முடிவதற்குக் காரணம், ஒவ்வொன்றும் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ போன்ற சொற்களோடு சேர்ந்து புதுப்புதுப் பொருள் தருவதுதான். நம்மைப் போன்றவர்களுக்குக் கடினமாக இருப்பதும் அதே இடம்தான்.

காணொளி இதை எப்படிக் கற்றுக்கொடுக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. சிரிப்பு வர வேண்டுமானால், அவன் புரிந்துகொண்ட பொருளும் அவர்கள் கேட்ட பொருளும் ஒரே நொடியில் நம் மனத்தில் நிற்க வேண்டும். ஆகவே சிரித்து முடிக்கும்போது இரண்டாவது பொருளைக் கற்றிருப்போம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதி முதல் சில மணி நேரங்களிலேயே மிக வேகமாக நடக்கிறது என்று 1885இல் எழுதினார். சூழலே இல்லாமல் நாம் உருப்போட்ட அந்த முப்பது சொற்களும் ஏறக்குறைய அப்படிப்பட்ட அசைகள்தாம், எப்படி நிற்கும்?

நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய ஓரிடமும் அதில் உண்டு. படித்து முடித்த ஆண்டைச் சொல்வதற்காக, 2012இல் ‘பாஸ்ட் அவுட்’ என்கிறான் அவன். மயக்கம் தெளிய எத்தனை நாளாயிற்று என்று கேட்கிறார் தேர்வாளர். நம்மிடையே பட்டம் பெற்றதைக் குறிக்கும் அந்தத் தொடர் பிரிட்டன், அமெரிக்கக் காதுகளுக்கு மயங்கி விழுந்ததாகவே கேட்கும். ‘கிராஜுவேட்டட்’ என்று சொன்னால் குழப்பமே இல்லை. ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்பதும் அப்படித்தான். விளக்கம் கேட்கிறோம் என்று நாம் நினைப்போம். தாம் சொன்னதை நாம் நம்பவில்லை என்று எதிரே இருப்பவர் எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். நடுவில் ஓரிடத்தில் அவனுடைய உச்சரிப்பையே சிரிப்புக்குரியதாக ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. பொருள் மாறிப்போவதைப் பார்த்துச் சிரிப்பதில் கற்பதற்கு ஏதோ இருக்கிறது; ஒருவன் நாக்கு புரளும் விதத்தைப் பார்த்துச் சிரிப்பது, உன்னைப் போன்றவர்களை அந்த அறைக்கு வெளியிலேயே நிறுத்திவிடும். அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டுப் பார்.

முதல் முறை திரையின் கீழே ஓடும் எழுத்துவரி இல்லாமலும், இரண்டாம் முறை எழுத்துவரியோடும் பார். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தால் காதுக்குத்தான் பழகும், வாய்க்குப் பழகாது. ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் நிறுத்திவிட்டு உரக்கப் பதில் சொல். அந்தக் கேள்விகளையும், அவற்றைப் போல நானாகச் சேர்த்தவற்றையும் கொண்டு நாற்பது கேள்விகளை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பழைய நோட்டுப் புத்தகத்தின் மிச்சப் பக்கங்களைக் கிழித்துத்தான் எழுதினேன், கோபித்துக்கொள்ளாதே.

விண்ணப்பத்திற்கான கடைசி நாள் எதுவென்று உடனே எழுது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு நான் தொலைபேசியில் அழைக்கிறேன். நான்தான் தேர்வாளர். ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் அந்த ஆளைப் போலத் தவறாகப் பதில் சொல், பிறகு சரியாகச் சொல். முதல் கேள்வி ‘வாட் டு யூ மேக் ஆஃப் திஸ்?’ என்பதாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
உன் நண்பன்