கீபோர்டை மாற்றுவதற்கு முன் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் லேப்டாப் கீபோர்டு வேலை செய்யாமல் போனால் என்ன செய்வது என்று ஒரு சின்னக் குறிப்பு வந்திருந்தது. உடனே கடைக்குக் கொண்டுபோய் கீபோர்டை மாற்றிவிடுங்கள், தண்ணீர் பட்டிருந்தால் ஹேர் டிரையரால் காய வையுங்கள், அவ்வளவுதான் அதில் இருந்தது. முதல் யோசனை வீண் செலவு வைக்கும், இரண்டாவது நல்ல லேப்டாப்பையும் கெடுத்துவிடும். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். மனு அடிக்க, வேலைக்கு விண்ணப்பம் போட, ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க என்று வருகிறவர்களில் பலர் "அக்கா, கீபோர்டு போயிடுச்சு, இன்னைக்குத்தான் கடைசி நாள், உங்க சிஸ்டத்துல போட்டுக் கொடுங்க" என்று லேப்டாப்பைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பார்கள். அவசர வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு அந்த லேப்டாப்பையும் வாங்கிப் பார்ப்பது என் வழக்கம். கீபோர்டு நிஜமாகவே செத்துப்போனது ஒரு பங்குதான். மீதியெல்லாம் பைசா செலவில்லாமல் சரியாகிற சங்கதி.

சமீபத்தில் முதுநகரிலிருந்து நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். ஒரு கடையில் நாலு எழுத்து தட்டிப் பார்த்துவிட்டு, கீபோர்டு அவுட், 3,500 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். அப்பா துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர். நான் நோட்பேடைத் திறந்து ஒரு எழுத்தைத் தட்டினேன், வரவில்லை. அதே எழுத்தை விரலை எடுக்காமல் அமுக்கிப் பிடித்தேன், சற்று நேரம் கழித்து வந்தது. அடுத்த எழுத்தும் அப்படியே. செத்த கீபோர்டு எவ்வளவு நேரம் அமுக்கினாலும் எழுத்து தராது, பிடித்தால் தருகிறது என்றால் வேண்டுமென்றே தாமதிக்கச் சொல்லி யாரோ அதற்கு உத்தரவு போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். விண்டோஸில் பில்டர் கீஸ் என்று ஒன்று இருக்கிறது. கை நடுக்கம் உள்ளவர்கள் தெரியாமல் தட்டும் எழுத்துகளை ஏற்காமல் விடுவதற்காக வைத்த நல்ல வசதி அது. வலது பக்க ஷிஃப்டை 8 நொடி விடாமல் அமுக்கினால், இதைப் போடவா என்று திரையில் கேட்கும். படிக்காமல் என்டரைத் தட்டினால் போதும், வேலைக்கு வந்துவிடும். செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டி, அதற்குள் கீபோர்டு, அங்கே அணைத்தேன். அவ்வளவுதான், அந்தப் பெண் அங்கேயே உட்கார்ந்து தன் விண்ணப்பத்தைத் தானே அடித்தாள்.

இந்தச் சோதனையைக் கடையில் ஏன் செய்யவில்லை என்பதுதான் என் கேள்வி.

பழுது மென்பொருளிலா, பொருளிலா என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை. அதற்கு நல்ல வழி பயோஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னாலேயே லேப்டாப்பை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் வருவதற்கு முன்னால் எஃப்2 அல்லது டெலீட், சில கம்பெனிகளில் எஃப்10 அல்லது எஸ்கேப், தட்டிக்கொண்டே இருந்தால் நீலமாகவோ கறுப்பாகவோ ஒரு பக்கம் திறக்கும். அங்கே விண்டோஸும் கிடையாது, கீபோர்டை விண்டோஸுக்குப் புரியவைக்கும் டிரைவர் என்ற சின்ன மென்பொருளும் கிடையாது. அந்தப் பக்கம் திறந்து, அம்புக்குறி கீயைத் தட்டத் தட்ட தேர்வு நகர்கிறது என்றால் உங்கள் கீபோர்டு உயிரோடுதான் இருக்கிறது, கோளாறு விண்டோஸில். அப்படியானால் லேப்டாப்பின் பாகங்களைப் பட்டியலாகக் காட்டும் டிவைஸ் மேனேஜரில் கீபோர்டு என்ற தலைப்பின் கீழ் பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் பிஎஸ்/2 கீபோர்டு என்று இருக்கும், அதை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தால் விண்டோஸே திரும்பப் போட்டுக்கொள்ளும். பாஸ்வேர்டு எப்படி அடிப்பது என்று பயப்பட வேண்டாம், லாகின் திரையின் வலது கீழ் மூலையில் ஆக்சஸிபிலிட்டி படம் இருக்கும், அதைத் தொட்டால் ஆன்-ஸ்கிரீன் கீபோர்டு வரும், மவுஸாலோ டச்பேடாலோ எழுத்துகளைத் தட்டலாம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். "நான் ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்துட்டேன் அக்கா" என்று எல்லோரும் சொல்கிறார்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாடு இருக்கிறது. அது போட்டிருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக மூடாது, டிரைவர்கள் இருந்த நிலையை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு மறுபடி அதிலிருந்தே எழுந்திருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதற்கும் மசியவில்லை என்றால் ஆஃப் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்ற முடிகிற மாடலாக இருந்தால் அதையும் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் மதர்போர்டில் தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்த பிறகு கீபோர்டு தானாகத் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

எழுத்து மாறி வருகிறது என்று வருபவர்களும் உண்டு. யூ, ஐ, ஓ, ஜே, கே, எல் எல்லாம் எண்ணாக விழுந்தால் அது 'நம் லாக்' (Num Lock) கீ போட்டிருப்பதால், தனி எண் பலகை இல்லாத சின்ன லேப்டாப்பில் வருவது. பாஸ்வேர்டு ஏற்கவில்லை என்றால் தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு தேர்வாகி இருக்கிறதா என்று பாருங்கள், விண்டோஸ் கீயையும் ஸ்பேஸையும் சேர்த்துத் தட்டினால் மாறிவிடும்.

பயோஸிலும் கீ வேலை செய்யவில்லை என்றால் சரி, பொருளில்தான் கோளாறு. அப்போதும் என்ன கோளாறு என்பதை செத்த கீகளே சொல்லும். கீபோர்டுக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள், அவற்றில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், ஒவ்வொரு கீயும் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் சந்திக்கிற இடம். ஒரு கீ மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அடியில் தூசியோ, ரப்பர் போனதோ, கொக்கி உடைந்ததோ இருக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு கூட்டம் சேர்ந்து செத்தால் ஒரு கோடு அறுந்திருக்கிறது, அது மாற்ற வேண்டியதுதான். மொத்தமாகச் செத்து, யூஎஸ்பி கீபோர்டு செருகினால் மட்டும் நன்றாக அடிக்கிறது என்றால் உள்ளே கீபோர்டிலிருந்து போர்டுக்குப் போகும் ரிப்பன் கேபிளைச் சந்தேகப்படுங்கள். கீழே விழுந்த லேப்டாப்பிலும், ராம் போடவோ ஃபேன் துடைக்கவோ ஒருமுறை பிரித்துப் பூட்டிய லேப்டாப்பிலும் அந்தக் கேபிளைப் பிடித்திருக்கும் சின்ன பிளாஸ்டிக் லாக் சரியாக அழுந்தாமல் இருக்கும். அதைத் திரும்பச் செருகி அழுத்துவதற்குக் கூலி கொடுக்கலாம், புது கீபோர்டு விலை கொடுக்க வேண்டியதில்லை.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது, கடல் காற்று. தேவனாம்பட்டினம், முதுநகர், புதுச்சேரிப் பக்கம் அரியாங்குப்பம், முத்தியால்பேட்டை என்று கடலோரத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து லேப்டாப் ஓட்டுகிறவர்களின் கீபோர்டு கேபிள் முனையைக் கழற்றிப் பார்த்தால் செப்பு இருக்கும் இடங்களில் பச்சை பூத்திருக்கும். பிரித்து, சீக்கிரம் ஆவியாகிவிடும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற திரவத்தால் துடைத்தாலே பலது பிழைத்துவிடும். வேலை முடிந்ததும் மூடி, ஒரு பையில் போட்டு வைக்கச் சொல்கிறேன், அதற்குக் காசா பணமா?

தண்ணீர், டீ விஷயத்துக்கு வருகிறேன், இதைத்தான் நீங்கள் கட்டாயம் திருத்த வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பெய்த மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து நனைந்த லேப்டாப்புகள் என்னிடம் வந்தன. ஈரம் காயும் முன் ஆன் செய்து பார்த்தவர்களுக்குப் போர்டே போயிருந்தது. தண்ணீர் கொட்டினால் முதலில் சார்ஜரைப் பிடுங்குங்கள், திரை அணையும்வரை பவர் பட்டனை அமுக்கிப் பிடியுங்கள், மூடியைத் திறந்த நிலையில் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள், வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்கவே கூடாது. ஹேர் டிரையர் சூடு கீயின் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும், காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். அரிசி மூட்டையில் புதைப்பதும் வீண். டீயில் சர்க்கரை இருக்கிறது, வெள்ள நீரில் உப்பும் சேறும் இருக்கிறது, தண்ணீர் ஆவியானாலும் அவை உள்ளேயே தங்கி அரிக்கும், பிரித்துத் துடைத்தே ஆக வேண்டும். இதற்கு மட்டும் நானே கடைக்குத்தான் அனுப்புகிறேன், அதுவும் அன்றைக்கே.

கீபோர்டின் நடுப்பகுதி மேடாக எழும்பியிருந்தாலும், டச்பேடு தூக்கிக்கொண்டு அழுத்த முடியாமல் போனாலும் அது கீபோர்டு பழுதே இல்லை. உள்ளே லித்தியம் பேட்டரி வாயு நிரம்பி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிச் சமன் செய்யப் பார்க்காதீர்கள், குத்தவே கூடாது, தீப்பிடிக்கும். இதைக் கவனிக்காமல் கீபோர்டை மட்டும் மாற்றிக் கொடுத்த ஒரு லேப்டாப்பை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன், அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது. நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

கடைக்காரர்கள் மேல் பழி போடுவதற்காக எழுதவில்லை. இப்போது வரும் பல மாடல்களில் கீபோர்டை மேல் மூடியோடு பிளாஸ்டிக் ஆணி அடித்து உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். முன்பெல்லாம் சில ஸ்க்ரூவோடு முடிந்த வேலைக்கு இன்று போர்டு வரைக்கும் வெளியே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடியையே மாற்ற வேண்டும். அந்த உழைப்புக்குக் காசு கேட்பது நியாயம். குற்றம் தயாரிக்கிறவர்களிடம் இருக்கிறது. பழுது பார்க்கும் உரிமை பற்றி மத்திய நுகர்வோர் துறை 2022-இல் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரிலேயே அதற்கென்று இணையதளமும் திறந்தது. செல்போன், மின்னணுப் பொருள்களும் அதில் அடக்கம். உதிரிபாகம் தனியாகக் கிடைக்கும் வகையில் லேப்டாப்பைச் செய்ய வைக்கச் சட்டம் வந்தால்தான் இந்த ஆணி அடிக்கும் வேலை நிற்கும். உங்கள் நாளிதழ் இதைத் தொடர்ந்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை கடலூர், புதுச்சேரி கடைக்காரர்களிடம் நான் கேட்பது மூன்றே காரியம். பயோஸிலும் யூஎஸ்பி கீபோர்டிலும் வாடிக்கையாளர் கண்முன்னால் சோதித்துக் காட்டுங்கள். பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று மொட்டையாக எழுதாமல் என்ன பழுது, எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். கழற்றிய பழைய கீபோர்டை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பில் தர மறுக்கிறவர்கள் மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். நாளைக்கே விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், கையில் காசும் இல்லை என்கிற பிள்ளைகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யூஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் செருகி வேலையை முடித்துக்கொள்ளுங்கள், பழுதை அடுத்த மாதம் நிதானமாகப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
டைப்பிங் கடை நடத்தும் ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.