பாதியில் சுருட்டிய சுருள்

அன்புள்ள மாரி,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. டாக்டர் சொல்கிறவரைக்கும் குனிந்து எதையும் தூக்காதே. உன்னைப் பற்றித் தெரியும், அதனால் சொல்கிறேன். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குத் தூத்துக்குடிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. பேரன் வீட்டை இரண்டாக்குகிறான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ஒரு பிள்ளை பிறக்கும் என்று ஏசாயா தீர்க்கதரிசி தன் காலத்து ராஜாவிடம் சொன்னதை, எழுநூறு வருஷம் கழித்துப் பிறந்த இயேசுவுக்கு எப்படிப் பொருத்துகிறீர்கள் என்று கேட்டிருந்தாய். இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்கிற கிறிஸ்தவர் எழுதிய உரையாடலில் டிரைஃபோ என்கிற யூதரும் இதைத்தான் கேட்கிறார். ஏசாயா சொன்னது அந்த ராஜாவின் மகன் எசேக்கியாவைப் பற்றியது என்பது டிரைஃபோவின் வாதம்.

நீ சொல்வது சரிதான். சுமார் கி.மு. 734இல் சீரியாவும் வட இஸ்ரவேலும் சேர்ந்து எருசலேம்மேல் படையெடுத்தன. நடுங்கிப்போயிருந்த ஆகாஸ் ராஜாவுக்கு, ஒரு பிள்ளை பிறக்கும், அதற்கு நல்லது கெட்டது தெரிவதற்குள் இந்த இரண்டு எதிரிகளின் தேசமும் பாழாகும் என்றார் ஏசாயா. ஆகாஸுக்கு உதவாத அடையாளத்தை ஆகாஸிடம் சொல்வானேன்? எங்கள் சபையில் பலர் இதை ஒத்துக்கொள்ளத் தயங்குவார்கள். எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. ஆகாஸின் முன்னோரான தாவீது ராஜாவின் சிங்காசனம் என்றைக்கும் நிலைக்கும் என்று நாத்தான் தீர்க்கதரிசி வாக்குக் கொடுத்திருந்தார். கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எருசலேமைப் பிடித்து, கடைசி ராஜா சிதேக்கியாவின் பிள்ளைகளை அவன் கண்ணெதிரே வெட்டி, பிறகு அவன் கண்களையும் பிடுங்கி, விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். சிங்காசனம் போய்விட்டது, வாக்கு மட்டும் மிச்சம். பழைய வசனங்களை வரப்போகிற ஒருவருக்காக வாசிக்கும் பழக்கம் யூதர்களிடமே வளர்ந்தது. முதல் கிறிஸ்தவர்களும் யூதர்கள்தானே, "அவர் இவர்தான்" என்றார்கள்.

சிக்கல் இதற்கு அப்புறம்தான். பழைய ஏற்பாட்டில் சகரியா 9ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். ராஜா தாழ்மையாய்க் கழுதைமேல் வருகிறார். குருத்தோலை ஞாயிறன்று நாங்கள் ஓலை பிடித்து ஓசன்னா பாடிக்கொண்டு போவது அதை வைத்துத்தான். அடுத்த வசனத்தை யாரும் பாடுவதில்லை: எப்பிராயீமில் (வட இஸ்ரவேலில்) ரதம் இருக்காது, எருசலேமில் போர்க்குதிரை இருக்காது, யுத்த வில் இல்லாமற்போகும், ஜாதிகளுக்குச் சமாதானம் கூறுவார். கழுதை வந்தது. வில் இன்னும் போகவில்லை. மேசியா, அதாவது வரவேண்டிய அந்த ராஜா, வந்துவிட்டார் என்றால் மீதி எங்கே என்று யூதர்கள் கேட்பது இதனால்தான்.

கிறிஸ்தவர்களின் பதில், ராஜா இரண்டு தடவை வருகிறார், மீதி அடுத்த வருகையில் நடக்கும் என்பது. கேட்கச் சாமர்த்தியமாகத்தான் இருக்கும். ஆனால் லூக்கா சுவிசேஷம் 4ஆம் அதிகாரத்தில் ஒரு இடம் உண்டு. நாசரேத்து ஜெபாலயத்தில் இயேசு எழுந்து ஏசாயா சுருளை வாசிக்கிறார். தரித்திரருக்கு நற்செய்தி, சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை, கர்த்தருடைய அநுக்கிரக வருஷம். அத்தோடு சுருட்டிப் பணிவிடைக்காரனிடம் கொடுத்துவிட்டு உட்காருகிறார். ஏசாயாவில் அந்த வாக்கியம் முடியவில்லை; அடுத்து வருவது தேவன் நீதியைச் சரிக்கட்டும் நாள், அதாவது பழிவாங்கும் நாள். பழிவாங்கும் பகுதியை அவர் வாசிக்கவேயில்லை! இரண்டு வருகைக்கு இதை ஆதாரமாகக் காட்டுவோர் உண்டு. எனக்கு அது நிரூபணமாகப் படவில்லை. நான் அவரை ராஜா என்று நம்புவது அவர் எங்கே நிறுத்தினார் என்பதற்காக.

ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். மறுத்து எழுது, கண் ஆறினதும். செல்விக்கு வந்த அந்த மதுரை சம்பந்தம் என்னவாயிற்று என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
ஜெயராஜ்