எங்கள் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள பெற்றோருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

அஞ்செட்டி மலைப்பக்கத்தில் இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளி எங்களுடையது. எந்தப் பிள்ளைக்கு எது புரிந்தது, எங்கே இடறுகிறது என்று இந்த ஆண்டு உடனுக்குடன் பார்த்துச் சரிசெய்ய முடிந்தது. அதற்குக் காரணமானவர்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர் ஐயாவுக்கு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வர அரசு நடத்துகிற எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் தொடங்கியதிலிருந்து செயலியில் மதிப்பீடு நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று படிகளில் பிள்ளை எதில் என்று தெரிந்துவிடும். ஆனால் மொட்டில் நிற்கிற பிள்ளை எந்தக் கணக்கில் நிற்கிறது? தப்பான விடையைத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தவர் அவர்.

பிள்ளைகள் விடையைத் தூக்கிக் காட்டுகிற பிளிக்கர்ஸ் அட்டையை அறிமுகப்படுத்தியதும் அவர்தான். பிள்ளைகளிடம் செல்போன் வேண்டாம், ஆளுக்கு ஒரு அட்டை போதும். தனக்குச் சரியென்று படுகிற விடையின் பக்கம் மேலே வரும்படி பிடிக்க வேண்டும். ஆசிரியர் பிளிக்கர்ஸ் செயலியைத் திறந்து தன் போன் கேமராவை வகுப்பின் மேல் ஒரு சுற்று ஓட்டினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்று வந்துவிடும். ஒவ்வொரு அட்டையிலும் அச்சான வடிவம் வேறு, அதனால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பிடிக்க வழியில்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் 52இல் 27 போனால் எவ்வளவு என்று கேட்டேன். பாதி வகுப்பு 35 என்று தூக்கிப் பிடித்தது. 2இல் 7 போகாது என்றதும் 7இல் 2ஐக் கழித்திருக்கிறார்கள்! வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகளும் அட்டையைத் தூக்கியதால்தான் இது வெளியே வந்தது. மறுநாள் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டை அவிழ்த்துக் கழிக்கச் சொன்னோம். அப்புறம் வேறு எண்களில் கேட்டபோது அந்தத் தப்பு ஒன்றிரண்டு பேரிடம்தான் இருந்தது.

அட்டைகளை அச்சடித்துத் தந்த தேன்கனிக்கோட்டை ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கு நன்றி. பளபளவென்று லேமினேஷன் போட்டால் வெளிச்சம் பட்டுக் கேமரா படிக்காது என்று அவரே யோசித்து, கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டிக் கொடுத்தார். பள்ளியில் நெட் ஒழுங்காகக் கிடைப்பது சமையல்கூடத்துத் தாழ்வாரத்தில் மட்டும்தான். அட்டை வேலை இருக்கிற நாளில் எல்லாம் காலை உணவுப் பாத்திரங்களைச் சீக்கிரம் ஒதுக்கி இடம் விட்ட அக்காவுக்கும் நன்றி.

ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிற நம் ஊர்த் தம்பி தன் பழைய போனைப் பள்ளிக்கே கொடுத்துவிட்டார். கூகுளின் ரீட் அலாங் செயலியில் தமிழ்க் கதைகளை அங்கேயே இறக்கி எடுத்து வருவார், இங்கே நெட் இல்லாமலே ஓடும். பிள்ளை வாய்விட்டுப் படிக்க, செயலி கேட்டுத் தப்பைக் காட்டும். ழ வருகிற சொற்களில் சிலருக்குத் தப்பு விழுந்துகொண்டே இருந்தது. பார்த்தால் அவர்கள் வீட்டில் கன்னடம். எழுத்து தெரிகிறது, பொருளும் தெரிகிறது, நாக்குக்குத்தான் பழக்கமில்லை. அந்தப் பிள்ளைகளைப் பின்தங்கியவர்கள் என்று எழுதவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

“செல்லைக் கையில கொடுத்தா பிள்ளை கெட்டுப்போயிடும் டீச்சர்” என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து கேட்ட அம்மாவுக்குத் தனியாக நன்றி. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் போன் எப்போதும் ஆசிரியர் மேசையில், ஒரு பிள்ளைக்குக் கால் மணி நேரம், அவ்வளவுதான் என்று முடிவு செய்தோம். அவரே இப்போது சில நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்.

வீட்டுப் பக்கத்திலேயே தன்னார்வலர்கள் பாடம் சொல்லித்தந்த இல்லம் தேடிக் கல்வித் திட்ட நாட்களிலிருந்து பிள்ளைகளுக்குப் பழக்கமான தன்னார்வலர் தங்கைக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. யாருக்கு எதில் தடுமாற்றம் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டை வாங்கிப்போய், மாலையில் கோயில் திண்ணையில் அந்த ஒன்றை மட்டும் சொல்லிக் கொடுக்கிறார். போன் தப்பைக் காட்டும். அதைத் திருத்தப் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக அவர் இருந்தார்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் உங்கள் பிள்ளையின் விடைகளைப் போனிலேயே காட்டுகிறோம். கூலி வேலைக்குப் போகிறவர்கள் மாலை வந்தாலும் சரி, காத்திருக்கிறோம்.

அன்புடனும் நன்றியுடனும்,
ஆசிரியை,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
கிருஷ்ணகிரி மாவட்டம்