வடசென்னை வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே, வணக்கம்.

பத்தாவது படிக்கும் என் மகள் போன வாரம் "மாஜினோ அரண், பிரான்ஸ் எல்லையில் கட்டியது, 1940-இல் பயன்படவில்லை" என்று ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஏன் பயன்படவில்லை என்றேன். முழித்தாள்.

வடகிழக்கு பிரான்சில் வோஜ் மலைகள். அதன் வடபகுதி உயரம் குறைந்த செம்மணற்கல் குன்றுகள், பைனும் பீச்சும் அடர்ந்த காடு. இதற்குள் ஜெர்மனியின் பெரும்படை வராது என்று நம்பி, மாஜினோ அரணை அங்கே சின்னக் காவலரண்களோடு விட்டுவிட்டார்கள். பக்கத்திலேயே அதே அரணைச் சேர்ந்த ஷோனென்பூர் கோட்டையில் 30 மீட்டர் ஆழத்தில் சமையலறை, மின்நிலையம் எல்லாம் உண்டு. ஜெர்மன் படை மே மாதம் பெல்ஜியம் பக்கமுள்ள ஆர்டென் காட்டின் வழியாக வந்தது, ஜூனில் இந்த வோஜ் காட்டையும் உடைத்தது. ஷோனென்பூரோ குண்டுமழையிலும் விழவில்லை. போர்நிறுத்தத்துக்குப் பிறகு, மேலிடத்து உத்தரவால்தான் சரணடைந்தது.

சொன்னேன், தலையாட்டினாள். ஆனால் மனதில் பதியவில்லை. சரி, வா என்று, பழைய மதராஸ் நகரச் சுவரின் மிச்சத்துக்கு மேலே இருக்கும் மாடிப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன்.

படியேறி மேலே போய்க் குறுக்கே நடந்து பார்த்தாள். "இவ்வளவு அகலமா சுவரு?" என்றாள். 1758-இல் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை வந்தபோது ஆங்கிலேயருக்குக் கோட்டை இருந்தது, நம்மவர்கள் வாழ்ந்த முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் எதுவுமில்லை. 1767-இல் மைசூர்க் குதிரைப்படை, 1769-இல் ஹைதர் அலியே வந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் வடக்கிலும் மேற்கிலும் இந்தச் சுவர். வால்டாக்ஸ் ரோடு என்ற பேரே இதற்கு விதிக்க நினைத்த வரியிலிருந்து வந்ததுதான். யானைக்கவுனியில் இருக்கும் கவுனி, கோட்டை வாசல்.

"கிழக்கே ஏன்பா கட்டலை?" கடல் இருக்கே என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அங்க காட்டை நம்பினாங்க, இங்க கடலை நம்பினாங்களா?" என்றாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன். இரண்டாம் உலகப் போர்ப் பாடத்தைத் தொடங்கும் முன் ஒரு சனிக்கிழமை காலை பிள்ளைகளை மாடிப் பூங்காவுக்குக் கூட்டி வாருங்கள். கையில் ஒரு அளவு டேப்பும் பழைய மதராஸ் வரைபடத்தின் நகலும் போதும். சுவரை அவர்களே அளக்கட்டும், எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பெற்றோர் துணை வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு அப்பா