கனெக்டர் பின்னுக்குப் பக்கத்தில் வோல்டேஜை அச்சிடுங்கள்

டிவி தயாரிக்கும் நிறுவனங்களின் சேவைப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சிவப்பு விளக்கு எரிகிறது, டிவி ஆன் ஆகவில்லை என்றால் உங்கள் சேவை மையங்கள் தரும் பதில் உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும்: "பவர் போர்டு போயிடுச்சு, இந்த மாடலுக்கு இப்ப போர்டு வர்றதில்ல, புதுசா வாங்கிடுங்க."

டிவிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் அந்தப் போர்டில் பல நேரம் போயிருப்பது எது என்பதும் உங்களுக்குத் தெரியும். குறைந்த வோல்டேஜ் வெளிவரும் செகண்டரி பக்கத்தில், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கை ஒட்டி நிற்கும், மின்னூட்டத்தைத் தேக்கும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். 12 வோல்ட் லைனில் 16 வோல்ட் மட்டும் தாங்கும் சரக்கைப் போட்டு, சூட்டுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினால் தலை உப்பாமல் என்ன செய்யும்? வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதி என்பது உங்கள் வடிவமைப்பாளர்களுக்குப் பாலபாடம். தலை உப்பாமலே இ.எஸ்.ஆர். (கெப்பாசிட்டருக்கு உள்ளேயே இருக்கும் மின்தடை) ஏறிக் கெடுவதும் உண்டு. மீட்டரில் 5 வோல்ட் ஒழுங்காகக் காட்டும், லோடு வந்ததும் சரியும். 25 வோல்ட், 105 டிகிரி தாங்கும், இ.எஸ்.ஆர். குறைந்த ரகமாக, இடத்துக்குள் அடங்கும் உயரம் பார்த்து ஒன்று வாங்கிப் பற்றவைத்தால் வேலை முடிந்தது.

ஆனால் பழுது பவர் போர்டிலா, படத்தையும் ஒலியையும் கவனிக்கும் மெயின் போர்டிலா என்று முதலில் தெரிய வேண்டுமே! இரண்டையும் இணைக்கும் கனெக்டரைப் பாருங்கள். வரிசையாகப் பின்கள், பல மாடல்களில் ஒன்றுக்கும் பெயர் கிடையாது. பெயர் இருந்தால், பிளக்கைக் கழற்றி, மெயின் போர்டு கேபிளை எடுத்துவிட்டு, டிவி அணைந்திருக்கும்போதும் வரும் ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டை 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக, பவர் போர்டை இயங்கச் சொல்லும் ஆன் பின்னுக்கு இணைத்து, மறுபடி மின்சாரம் கொடுத்து 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்துவிடலாம். வந்தால் சந்தேகம் மெயின் போர்டுக்கு நகரும். பெயர் இல்லாதபோது எல்லாம் ஊகம்தான். சில போர்டுகளில் ஆன் பின்னுக்கு வோல்டேஜ் கொடுக்க வேண்டும், சிலவற்றில் கிரவுண்டுக்கு இழுக்க வேண்டும். கேபிள் மாட்டியபடியே தேடும்போது மீட்டர் முனை வழுக்கி 12 வோல்ட் பக்கத்துப் பின்னைத் தொட்டால், நன்றாக இருந்த மெயின் போர்டும் காலி.

தயவுசெய்து பின்களின் பெயரையும் வோல்டேஜையும் அச்சிடுங்கள். ரிமோட்டில் ஒவ்வொரு ஓடிடி செயலிக்கும் தனிப் பட்டன் வைக்க இடம் கிடைக்கிறது. முகப்புத் திரையில் விளம்பரம் இறக்க அப்டேட் தவறாமல் வருகிறது. உள்ளங்கை அகலப் போர்டில் '12 வோல்ட்' என்று எழுத மட்டும் இடம் இல்லை போலும்.

இதையெல்லாம் வெளியிடாதது பாதுகாப்புக்காக என்பீர்கள். ஆபத்து உண்மைதான்: 230 வோல்ட் மின்சாரத்தில் மெயின் கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பி.எஃப்.சி. (பவர் ஃபேக்டரைத் திருத்தும் சர்க்யூட்) இருந்தால் 390 வரை போகும். பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே இறங்கும் என்று நம்ப முடியாது. அதை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாமல் சில கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் இறக்க வேண்டும் என்றும், வீட்டு மின்சாரம் நேரடியாக வரும் ஹாட் பக்கத்தை அளக்க டிவியின் உலோகச் சட்டம் கிரவுண்டு ஆகாது என்றும், கருகிய பியூஸை மாற்றுமுன் ஏ.சி.யை டி.சி. ஆக்கும் பிரிட்ஜையும் சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டையும் பார்த்து, மின்சாரம் வரும் வழியில் தொடராக ஒரு பல்ப் (சீரிஸ் பல்ப்) போட்டே மின்சாரம் கொடுக்க வேண்டும் என்றும் ஒரு பக்கம் எழுதி வெளியிட்டால் ஆபத்து குறையுமா, கூடுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் உள்ள விதிப்படி, ஒரு மாடலின் கடைசிப் பெட்டி சந்தைக்கு வந்த பிறகும் 7 ஆண்டு வரை, உள்ளே இருக்கும் பவர் சப்ளையும் 400 மைக்ரோஃபாரடுக்கு மேற்பட்ட கெப்பாசிட்டர்களும் தொழில்முறைப் பழுதுபார்ப்பவருக்குக் கிடைத்தாக வேண்டும். டிவியை வாங்கியவருக்கு அங்கேயும் ரிமோட்டும் வெளி அடாப்டரும்தான்! சட்டம் கட்டாயப்படுத்தும் அளவுக்கு மேல் ஓர் அங்குலம் நகர மாட்டீர்கள் என்று தெரிந்தும் கேட்கிறோம்.

வரும் மாடல்களில் பின்களின் பெயரும் வோல்டேஜும் அச்சில் வரட்டும். விற்றுவிட்ட மாடல்களுக்கு, மென்பொருள் அப்டேட் தரும் அதே பக்கத்தில் பவர் போர்டின் சர்க்யூட் படத்தை ஒரு பிடிஎஃப் ஆகப் போடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டிலேயே டிவி பழுது பார்ப்பவர்கள்